ஐடிலிங் ஏறி இறங்குதா? சென்சார் வாங்கும் முன்...

பழைய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) கார் சிக்னலில் நிற்கும்போது தானாக உறுமி அடங்கினால், உடனே த்ராட்டில் பொசிஷன் சென்சார் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) படிந்த கரிதான் வில்லன். கிளீனர் அடித்துத் துடையுங்கள், ஐடிலிங்கின்போது காற்றை அளந்து விடும் ஐடில் வால்வையும் சேர்த்து. இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேக்குவம் ஹோஸில் (ரப்பர் குழாய்) வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். த்ராட்டில் பொசிஷன் சென்சாரில் பொதுவாக 3 வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். இக்னிஷனை மட்டும் ஆன் செய்து சிக்னல் வயரை அளந்து பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது சுமார் 0.5 வோல்ட், மெல்ல மிதிக்க மிதிக்க 4 வோல்ட்டைத் தாண்டிச் சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று விழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது. (முள் மீட்டர் இருந்தால் நல்லது, டிஜிட்டலில் அந்தத் துள்ளல் கண்ணில் படாமல் போகும்.) 5 வோல்ட்டே வரவில்லையா? வயரிங்கில் கோளாறைத் தேடுங்கள்.