நான்கு கோடி இலக்க எண்ணை நோட்டில் பிடிப்பது எப்படி

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. லூக் டியூரன்ட் 2024 அக்டோபரில் இதைக் கண்டுபிடித்தபோது, அதுவரை தெரிந்த பகா எண்களிலேயே இதுதான் பெரியது. ட்யூஷனில் இதைக் கரும்பலகையில் எழுதியதுமே ஒரு பெண் கேட்டாள்: "எத்தனை இலக்கம் மிஸ்?"

அங்கிருந்தே தொடங்குங்கள். 2-இன் மடக்கையை (log, அடிமானம் 10) அடுக்கால் பெருக்கி, முழு எண் பகுதியோடு 1 கூட்ட வேண்டும். (2-இன் அடுக்கு எதுவும் 0-வில் முடியாது. அதனால் 1 கழித்தாலும் இலக்கம் குறையாது.) ஆனால் மடக்கையை எத்தனை தசமம் வரை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பள்ளி அட்டவணையின் 0.3010 போட்டால் விடை நாலாயிரத்துக்கு மேல் குறைந்துவிடும். அன்று நான் 0.30103 போட்டேன். பெருக்கினால் 41024320.536, அதாவது 41024321 இலக்கம். செய்தியில் வந்ததோ 41024320. ஒன்று இடித்தது. இரவெல்லாம் அது மனசை விட்டுப் போகவில்லை. காலையில் 0.30102999566 என்று நீட்டிப் போட்டுப் பார்த்தேன்: 41024319.945. மடக்கையில் ஒன்பதாம் தசமத்தில் இருந்த பிசகை பதிமூன்று கோடிக்கும் மேலான அடுக்கு அரை அலகுக்கும் மேலாக ஊதிவிட்டிருக்கிறது!

அந்த .945-ஐ வீணாக்காதீர்கள். 10-இன் 0.945-ஆம் அடுக்கு ஏறத்தாழ 8.81. ஆக எண் 8-இல் தொடங்குகிறது.

கடைசி இரண்டு இலக்கம் இன்னும் சுலபம். 2-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள், 4-க்குப் பிறகு, இருபதுக்கு ஒருமுறை திரும்ப வரும். 136279841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. 2¹ = 2 அந்தச் சுற்றுக்கு வெளியே, அதனால் அடுத்ததை எடுக்கிறோம்: 2²¹ = 2097152, முடிவு 52. ஒன்று போக 51.

பகா எண் என்று எப்படித் தெரியும்? இந்த மாதிரி, 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கென்றே உள்ள லூகாஸ்-லெமர் சோதனையை 2⁷ − 1 = 127-இல் செய்து பாருங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது ஐந்து முறை. வகுக்கக்கூட வேண்டாம்: 128-கள் எத்தனை, மிச்சம் எத்தனை என்று பார்த்து இரண்டையும் கூட்டினால் போதும். 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. அதில் 128 முப்பத்தைந்து முறை, மிச்சம் 7. கூட்டினால் 42.

4, 14, 67, 42, 111, 0. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். 2¹¹ − 1 = 2047-க்கு இதையே ஒன்பது முறை செய்தால் 1736-இல் நிற்கும். அது 23 × 89.

டியூரன்டின் எண்ணுக்கும் கணக்கு இதேதான். சுற்றுகள் மட்டும் 136279839.