7:30 மேட்ச், வீட்டில் 12 பேர்: சமைக்கிறவரும் உட்கார்ந்து பார்க்க ஒரு சாப்பாட்டுத் திட்டம்

ஐபிஎல் சீசனில் சி.எஸ்.கே. ஆடும் நாளென்றால் எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவோம். ஹாலே அதிரும்போது சமைக்கிறவர் மட்டும் அடுப்படியிலிருந்து "என்னாச்சு, யாரு அவுட்?" என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தத் திட்டம். சுண்டல் தாளிக்க, மசாலா வதக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு

மெனுவை யோசிக்கும் முன்பு மேட்சின் இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டாஸ் 7 மணிக்கு, முதல் பந்து 7:30க்கு. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு டைம் அவுட், தலா இரண்டரை நிமிடம். முதலாவது 6 முதல் 9 ஓவருக்குள் வரும், இரண்டாவது 13 முதல் 16 ஓவருக்குள். முதல் இன்னிங்ஸ் 9:15 வாக்கில் முடிந்தால், அப்புறம் சுமார் 20 நிமிட இடைவேளை. அடுப்படிக்குள் போவது இந்த இடைவெளிகளில் மட்டும்தான். பவர்ப்ளே என்கிற முதல் ஆறு ஓவரில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், நீங்களும் எழுந்திருக்க வேண்டாம்.

என்ன சமைப்பது

பிரியாணி வேண்டாம் என்பேன். கறி பிரியாணி என்றால் எலும்பு வரும், எலும்பு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், கண் டிவியில் இருக்காது. அதற்குப் பதில் கறி போடாத குஸ்கா, தொட்டுக்கொள்ள எலும்பில்லாத சிக்கன் 65. ஒரே தேக்சா சாதத்தில் சைவக்காரர்களும் சாப்பிட்டுவிடலாம். 12 பேருக்குச் சீரகச் சம்பா ஒன்றேகால் கிலோ தாராளம். சிக்கன் ஒன்றரைக் கிலோ.

டாஸ் நேரத்துக்குத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். காய்ந்த பட்டாணி அரைக் கிலோவைக் காலையிலேயே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரம் ஊற வேண்டும். துருவிய தேங்காயையும் மாங்காயையும் பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும்.

எல்லாவற்றையும் பாக்குமட்டைத் தொன்னையில் கொடுங்கள். காகிதத் தட்டு சூட்டில் வளைந்து மடியிலேயே கவிழ்ந்துவிடும். தொன்னையை ஒரு கையில் பிடித்தபடி குதிக்கக்கூட முடியும்.

சிக்கனை இரண்டு முறை பொரிக்க வேண்டும்

கவனம் முழுக்க வேண்டியது இங்கேதான். மேட்ச் தொடங்கும் முன்பே மொத்தமாகப் பொரித்து ஹாட் பாக்ஸில் மூடிவைத்தால், உள்ளேயே ஆவி வேர்த்து மொறுமொறுப்பு போய்விடும். மேட்ச் நடக்கும்போது பொரித்தாலோ பாதி ஆட்டம் போய்விடும். அதனால் இரண்டாகப் பிரியுங்கள்.

மாலை 5:30க்கு மிதமான தீயில் முதல் பொரிப்பு. ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பே இருக்கக் கூடாது, முழுதாக வெந்திருக்க வேண்டும். வெளியே மட்டும் நிறம் முழுசாக ஏறாமல் எடுத்துவிடுங்கள். கம்பித் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். டிஷ்யூ பேப்பரில் போட்டால் அடிப்பக்கம் ஈரம் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். இந்த வெயிலில் வெந்த கோழியை 9 மணி வரை வெளியே வைப்பது ஆபத்து.

இரண்டாவது டைம் அவுட்டில் சிக்கனை வெளியே எடுத்து வையுங்கள். இன்னிங்ஸ் முடிந்ததும் எண்ணெயை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, உள்ளேயும் சூடேறும் வரை இரண்டு நிமிடம். கடைசி ஈட்டோடு கறிவேப்பிலை, கீறிய பச்சைமிளகாய். நான்கு ஈடு என்றாலும் இடைவேளைக்குள் முடிந்துவிடும். நான்ஸ்டிக் வேண்டாம், கனமான இரும்புக் கடாய்தான் சரி. சிக்கன் விழுந்தாலும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்காது.

குஸ்கா

7:15க்குள் தம் முடித்து இறக்கிவிடுங்கள். மூடியைத் திறக்காமல் தேக்சாவைக் கெட்டித் துணியால் சுற்றி வையுங்கள். அதே இரண்டாவது டைம் அவுட்டில் துணியைப் பிரித்து, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அதன்மேல் தேக்சாவை ஏற்றி சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஆவி பறக்கச் சாதம் தயாராகிவிடும், அடியும் பிடிக்காது. தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் முன்பே நறுக்கி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். தயிரும் உப்பும் பரிமாறும்போது.

முதல் டைம் அவுட்டில் வேலை ஒன்றே ஒன்றுதான்: நீர்மோர். மதியமே கலக்கி, தூக்கில் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது 1: "ஒரே எண்ணெயில் காலிஃபிளவரை முதலில் பொரித்துவிட்டு, அப்புறம் சிக்கன் போடலாமா?" என்று பின்னூட்டத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார். முதல் பொரிப்புக்குச் சரி. ஆனால் இரண்டாவது பொரிப்பில் அந்த எண்ணெயில் ஏற்கெனவே கோழி விழுந்திருக்கும். சைவக்காரர்கள் நம்மை நம்பிச் சாப்பிடுகிறார்கள். தனிக் கடாய், தனி எண்ணெய், தனி ஜல்லிக்கரண்டி வையுங்கள்.

பிறகு சேர்த்தது 2: மழை வந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். 2023 இறுதிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாளும் மழை குறுக்கிட்டு, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்தபோது நள்ளிரவு எப்போதோ தாண்டியிருந்தது. குஸ்காவை அந்நேரம் வரை இழுத்துக்கொண்டிருக்க முடியாது. பொரி, வறுத்த கடலை, டீத்தூள், அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கி வையுங்கள். இடைவேளை தள்ளிப்போனாலும் சாப்பாட்டை 9:30க்கு மேல் தள்ளாதீர்கள், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள்.