‘நான் உன்ர மாமா’ என்று மெசேஜ் வந்தால்

வன்னியில் பல குடும்பங்களுக்குக் கனடாவிலோ சுவிஸிலோ லண்டனிலோ ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரைப் பிள்ளைகள் நேரில் கண்டதே இல்லை. அதனால், "நான் உன்ர அம்மாவின்ர ஒன்றுவிட்ட தம்பி" என்று பேஸ்புக்கில் ஒருவர் எழுதினால் பிள்ளை நம்பிவிடும். அம்மம்மாவின் பெயர், பிறந்த ஊர் எல்லாம் அவர் சரியாகவே சொல்லலாம். இணையத்தில் கிடக்கும் ஒரு மரண அறிவித்தலே அதற்குப் போதும். முள்ளியவளை பிறப்பிடம், கிளிநொச்சி வதிவிடம், இன்னாரின் மகன், மருமக்கள் எந்த நாட்டில் என்று முழு உறவும் அதில் வந்துவிடுகிறது. ஆகவே பெயர் சொல்வது உறவுக்குச் சாட்சி அல்ல. பிள்ளை பதில் எழுத முதல், வீட்டுப் பெரியவர் ஒருவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொந்தக்காரருக்குக் கோல் எடுத்து முறை விசாரிக்க வேண்டும். அந்த ஆள் தந்த நம்பருக்கு எடுத்துப் பயனில்லை.

ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டில் சேரும் கூட்டாளி விளையாட்டுக்குள்ளேயே நின்றால் ஆபத்துக் குறைவு. "வட்ஸ்அப்புக்கு வா", "ரீலோட் போட்டுவிடுறன்", "அம்மாட்டச் சொல்லாத" என்ற மூன்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். ரீலோட் போடுவதற்கு நம்பர் வேண்டும்; அந்தச் சாக்கில் நம்பரை வாங்கிவிடுவார்கள். டயமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) போட விளையாட்டு ஐடி இலக்கம் போதும். பாஸ்வேர்டோ போனுக்கு வரும் ஓடிபி இலக்கமோ கேட்பவர் கணக்கைப் பறிக்கவே கேட்கிறார்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி என்று போய் புரொஃபைல் போட்டோ, லாஸ்ட் சீன், குரூப்ஸ் மூன்றையும் ‘மை கொன்ரக்ற்ஸ்’ என்று மாற்றுங்கள். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: தெரியாத ஆளின் நம்பரைப் பிள்ளை சேவ் பண்ணினால் அவரும் கொன்ரக்ற் ஆகிவிடுவார், பூட்டுத் திறந்துவிடும். பள்ளிக்கூட ரை, பட்ஜ் தெரியும் படங்களையும் புரொஃபைலில் போட வேண்டாம். ரிக்ரொக், பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் குறைந்த வயது 13.

பிள்ளை அந்தரங்கப் படம் அனுப்பிவிட்டது, அந்த ஆள் மிரட்டுகிறார் என்றால் முதலில் ஏசாதீர்கள். மிரட்டுபவரின் பலமே பிள்ளைக்கு உங்களில் இருக்கும் பயம்தான். காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தால் திரும்பவும் கேட்பார். உரையாடலை அழிக்க முதல் நம்பர், புரொஃபைல், திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டுப் பிறகு புளொக் பண்ணுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் உதவி கேட்கக்கூட எவருக்கும் அனுப்பாதீர்கள்.

1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். பொலிஸ் நிலையத்துக்குப் போனால் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். 18 வயதுக்கு முன் எடுத்த படமானால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதிலிருந்து எடுக்கும், கைரேகை போன்ற ஒரு இலக்க அடையாளம் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், ரிக்ரொக் போன்ற தளங்களுக்குப் போய், அங்கே அந்தப் படம் ஏறாமல் தடுக்க உதவும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை அதனால் நிறுத்த முடியாது. அதற்குப் பொலிஸ் முறைப்பாடே வழி.