மெல்லோட்ரானை மெல்லோட்ரானாகவே வாசிப்பது எப்படி

லேப்டாப்பில் மெல்லோட்ரான் என்ற பழைய டேப் கீபோர்டின் சாம்பிள்களை, அதாவது பதிவு செய்த ஒலிகளை, ஏற்றிவிட்டு, மூடி ப்ளூஸ் குழுவின் 1967 பாட்டான 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்'-இல் அலையாக எழும் அந்த வயலின் கூட்டம் தன் கையில் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. நல்ல சாம்பிள்கள் எல்லாம் அந்தப் பழைய டேப்புகளிலிருந்தே எடுத்தவை. வித்தியாசம் நம் கைப்பழக்கத்தில் இருக்கிறது. மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்து வளர்ந்த என் போன்றவர்களுக்கு ஸ்ட்ரிங்ஸ் என்றால் கோர்டைப் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டைப்) பிடி, விரலை எடுத்தாலும் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதி, அடுத்த கோர்டு வரும்வரை விடாதே என்றுதான் பழக்கம். அந்தப் பெட்டியில் இது நடக்கவே நடக்காது. எது நடக்காது என்று தெரிந்து வாசித்தால்தான் 1967-ன் சத்தம் கிடைக்கும்.

ஆகவே முதலில் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு டேப் துண்டு, அகலம் 3/8 அங்குலம். அதில் அந்த ஒரு சுரத்தை மட்டும் யாரோ ஒரு கலைஞர் ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவு செய்திருப்பார். கட்டையை அழுத்தினால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். ஒரு சின்ன ரப்பர் உருளை, ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நீளமான உலோகத் தண்டின் மீது டேப்பை அழுத்தும். கூடவே ஒரு மெத்தைத் திண்டு டேப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும். தண்டு இழுக்கும், ஹெட் படிக்கும், சத்தம் வரும். விரலை எடுத்தால், தச்சரின் அளவு டேப் சரக்கென்று உள்ளே போகிற மாதிரி ஸ்பிரிங் அதை ஆரம்பத்துக்கே இழுத்துக்கொள்ளும். டேப்பின் நீளம் சுமார் 8 நொடிக்குத்தான் வரும். வட்டமாகச் சுற்றும் டேப் அல்ல, முடிந்தால் முடிந்ததுதான்.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. கலிபோர்னியாவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் 1940-களின் கடைசியிலிருந்து இப்படிப்பட்ட கருவிகளைச் செய்துவந்தார். அவரிடம் விற்பனையாளராக இருந்த பில் ஃபிரான்சன் 1962-ல் இரண்டு கருவிகளோடு இங்கிலாந்து போய், ஒரே தரத்தில் 70 டேப் ஹெட் செய்து தரக்கூடியவர்களைத் தேடினார். பர்மிங்ஹாம் பக்கம் இருந்த பிராட்லி சகோதரர்களின் பிராட்மேட்டிக் நிறுவனம் முன்வந்தது. 1963-ல் மெல்லோட்ரான் மார்க் 1, அடுத்த வருஷமே மார்க் 2 வந்தன. 70 ஹெட் எதற்கு என்றால், மார்க் 2-ல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீபோர்டு, ஒவ்வொன்றிலும் 35 கட்டை. வலது பக்கம் வயலின், புல்லாங்குழல், பித்தளை வாத்தியங்கள் என்று தனி ஒலிகள். இடது பக்கம் தயாராகப் பதிவு செய்த தாளங்களும் பக்கவாத்தியத் துணுக்குகளும். வசதியான வீட்டு வரவேற்பறையில் குடும்பத்தோடு உட்கார்ந்து வாசிக்கத்தான் அதைச் செய்தார்கள். வாத்தியக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் எதிர்த்தது வேறு கதை. ராக் இசைக்காரர்கள் கையில் அது சேர்ந்தது அப்புறம்தான். 1965-லேயே பிரிட்டிஷ் இசைக்கலைஞர் கிரஹாம் பாண்ட் தன் இசைத்தட்டில் அதைப் பயன்படுத்திவிட்டார்.

சரி, கீபோர்டுக்கு வருவோம்.

முதல் வேலை, சஸ்டெயின் பெடலைக் கழற்றி வையுங்கள். இந்தக் கருவியில் அதற்கு இடமே இல்லை. அந்த இடத்தில் வால்யூம் பெடலை மாட்டுங்கள். சத்தம் மெல்ல எழுவதும் அடங்குவதும் பாதத்தின் வேலை, விரலின் வேலை அல்ல. அடுத்து வெலாசிட்டியை, அதாவது அடிக்கும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதியை, அணைத்துவிடுங்கள், அல்லது எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு வரும்படி வையுங்கள். டேப்புக்கு ஓங்கி அடிப்பதும் மெதுவாகத் தொடுவதும் ஒன்றுதான். கட்டையை அரைகுறையாக அழுத்தினால் டேப் ஹெட்டோடு சரியாகச் சேராமல் சத்தம் மங்கி, மேல் ஒலி குறைந்து வரும், அவ்வளவுதான் விரலின் அதிகாரம். உங்கள் சாஃப்ட்வேரில் ஆஃப்டர்டச் (அழுத்திய கட்டையை இன்னும் அழுத்தினால் ஒலி மாறும்) வசதி இருந்தால் இதைக் கொஞ்சம் கொண்டுவரலாம். பிறகு ஒலியை முடிவில்லாமல் சுற்றவிடும் லூப்பை அணையுங்கள். விரலை எடுத்தபின் ஒலி அடங்க எடுக்கும் ரிலீஸ் நேரத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். விரலை எடுத்தால் சத்தம் வெட்டினாற்போல நிற்க வேண்டும். இழுவை வேண்டுமென்றால் பின்னால் ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, 35 கட்டைகளின் எல்லையை வரைந்துகொள்ளுங்கள்: கீழே ஜி, மேலே எஃப். என்னுடைய 61 கட்டை கீபோர்டில் அந்த ஜி, எஃப் இரண்டிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அதைத் தாண்டி வாசித்தால் சாஃப்ட்வேர் ஒலியை இழுத்துத் தரும். அது கேட்கவே வேறு மாதிரி இருக்கும்.

இப்போது 8 நொடி. மெல்லோட்ரான் வாசிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே இதற்கு நேரம் கொடுங்கள். 'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' நல்ல பயிற்சிப் பாட்டு. 1967 நவம்பரில் மூடி ப்ளூஸ் வெளியிட்ட 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' ஆல்பத்தில் அது வருகிறது. அந்த ஆல்பத்தில் லண்டன் ஃபெஸ்டிவல் ஆர்கெஸ்ட்ராவும் வாசித்திருப்பதால், பாட்டுக்குள் கேட்கும் வயலின்களும் அவர்களுடையவை என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, பாடகருக்குப் பின்னால் எழுவது மைக் பிண்டரின் மெல்லோட்ரான். இசைக்குழுவில் சேர்வதற்கு முன் அதைத் தயாரித்த தொழிற்சாலையிலேயே சுமார் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தவர் அவர். எந்த ஸ்பிரிங் எப்போது மக்கர் செய்யும் என்பது அவருக்குக் கைபோல் தெரியும்.

பாட்டின் கோர்டு வரிசை ஈ மைனர், டி, மறுபடி ஈ மைனர், டி, அப்புறம் சி, ஜி, எஃப், ஈ மைனர். இதை வலது கையால் இப்படிப் பிடித்துப் பாருங்கள். ஈ மைனருக்கு பி–ஈ–ஜி. டி-க்கு மூன்று விரலும் ஒரு படி இறங்கி ஏ–டி–எஃப் ஷார்ப். சி-க்கு ஜி–சி–ஈ. ஜி-க்கு கீழ் விரல் அங்கேயே நிற்க ஜி–பி–டி. எஃப்-க்கு ஏ–சி–எஃப். முடிவில் ஜி–பி–ஈ. எந்தக் கோர்டும் 8 நொடியைத் தாண்டாது, ஆகவே டேப் தீர்ந்துபோகும் கவலை இல்லை. ஆனால் சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது ஜி கட்டை இரண்டிலும் பொது. நம் பழக்கப்படி அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கத் தோன்றும். பிடிக்காதீர்கள். அதன் டேப் ஏற்கெனவே பாதி ஓடியிருக்கும். கோர்டு மாறுவதற்கு ஒரு கணம் முன்பு அந்த விரலை மட்டும் எடுத்து, ஸ்பிரிங் டேப்பைத் திருப்ப நேரம் கொடுத்து, மறுபடி அழுத்துங்கள். அதற்குள் மற்ற இரண்டு விரலும் சத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். விரல்கள் ஒன்றாகத் தூக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மாறும் இந்த நடைதான் ஸ்ட்ரிங்ஸுக்கு அந்த மூச்சு வாங்கும் உணர்வைத் தருகிறது. சாம்பிளில் நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கலாம்தான். ஆனால் பிடித்தால் அது வெறும் ஸ்ட்ரிங் பேட், பின்னணியில் அசையாமல் நிற்கும் சாதாரண கீபோர்டு ஒலி.

நீண்ட ஒற்றைக் கோர்டு வந்தால்? மூன்று விரலையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்று டேப்பும் ஒரே நேரத்தில் தீர்ந்து, நட்டநடுவில் பாட்டு ஓட்டையாகும். அடி விரலை முதலில், நடு விரலை இரண்டு நொடி கழித்து, மேல் விரலை இன்னும் இரண்டு நொடி கழித்து அழுத்துங்கள். அதே வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அழுத்திக்கொண்டே போனால் கோர்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். பிண்டர் இன்னொரு காரியமும் செய்தார்: தன் மார்க் 2-ன் இடது பக்கத் தாள டேப்புகளை எடுத்துவிட்டு, வலது பக்கத்துத் தனி ஒலிகளையே அங்கேயும் போட்டுக்கொண்டார். ஒரே சுரம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒரு கையின் டேப் தீரும்முன் மற்றக் கை எடுத்துக்கொள்ளலாம். உங்களிடம் இரண்டு சின்ன கீபோர்டு இருந்தால், ஒரே ஒலியை இரண்டிலும் ஏற்றி இதைச் செய்து பாருங்கள். கை மாறும் இடம் காதுக்குத் தெரியக் கூடாது. அதுதான் பயிற்சி.

வயலின் டேப்பில் ஒலி உடனே எழாது. வில் கம்பியைப் பிடித்து முழுச் சத்தம் வர ஒரு கணம் ஆகும், அதுவும் பதிவிலேயே இருக்கிறது. ஆகவே தாளத்துக்குச் சரியாக அழுத்தினால் பிந்திக் கேட்கும். டிரம்ஸுக்கு ஒரு மயிரிழை முன்னால் அழுத்தப் பழகுங்கள். ரெக்கார்ட் செய்துவிட்டு டிராக்கை மொத்தமாக முன்னால் நகர்த்துவது எளிது, ஆனால் நகர்த்தியது நகர்த்தியது மாதிரியே கேட்கும் என்பது என் எண்ணம். வேகமான ஓட்டங்கள் வேண்டவே வேண்டாம். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் டேப் முழுதாகத் திரும்பும்முன் மறுபடி ஓடத் தொடங்கி, சுரத்தின் தலை இல்லாமல் நடுவிலிருந்து கேட்கும்.

புல்லாங்குழல் கதை வேறு. அதில் சத்தம் சட்டென்று எழும், பக்கத்தில் யாரோ ஊதுவது போல மூச்சும் கேட்கும். இதற்குப் பாடப்புத்தகம் பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1966-ன் கடைசியில் பதிவாகி 1967 பிப்ரவரியில் வந்தது. தொடக்கத்தில் வரும் அந்தக் குழல் கோர்டுகளை வாசித்தவர் பால் மெக்கார்ட்னி. கவனித்தால், கோர்டு முழுவதும் ஒரே அமைதியில் நடக்கும், ஒரு விரலும் துள்ளாது. அந்தப் பாட்டோடு சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் உங்கள் கீபோர்டு சுருதி சேராது. வேறு வேறு வேகத்தில் பதிவான இரண்டு பதிவுகளின் வேகத்தை மாற்றி ஒட்டியதால், பாட்டின் சுருதி ஏ-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சாஃப்ட்வேரின் டியூனிங் குமிழைத் திருகி, காதால் சேருங்கள். மெல்லோட்ரானிலும் மோட்டார் வேகத்தை மாற்ற ஒரு குமிழ் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் பாட்டுக்குப் பாட்டு அதைத்தான் திருகினார்கள்.

சுருதி என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மோட்டார்தான் எல்லா டேப்பையும் இழுக்கிறது. பத்து விரலையும் வைத்து அழுத்தினால் மோட்டார் திணறி, சுருதி கொஞ்சம் தொங்கும். ஒரே நேரத்தில் மூன்று, அதிகம் போனால் நான்கு கட்டை போதும். ஒவ்வொரு டேப்பிலும் சுருதி அங்கங்கே மயிரிழை விலகியிருக்கும். ஆடும், நடுங்கும். நல்ல சாம்பிளில் அது அப்படியே இருக்கும், ஆகவே அதன் மேல் ஒலியை இரட்டித்து ஆட்டும் கோரஸ் எஃபெக்ட் போடாதீர்கள். ஒரிஜினல் நடுக்கம் அதில் அமுங்கிப்போகும். ஒலிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் காலத்தைப் பாருங்கள். எட்டுப் பேர் பாடும் அந்தப் புகழ்பெற்ற குரல் கோரஸ் 1970-களின் ஒலி. 1970-ல் வந்த எம் 400 என்ற சின்ன மாடலோடு பரவியது அது. 60-களின் பாட்டுக்குச் சாயல் வேண்டுமென்றால் 'மூன்று வயலின்' என்ற ஒலி, புல்லாங்குழல், பித்தளை, இந்த மூன்றில் நில்லுங்கள். எம் 400-ல் ஒரு டேப்பில் மூன்று தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஹெட்டை இரண்டு தடங்களுக்கு நடுவில் நிறுத்தினால் இரண்டு ஒலியும் கலந்து வரும். வயலினோடு கொஞ்சம் குழல் கலந்து பாருங்கள், அந்தக் கலவை எனக்கு மிகப் பிடிக்கும்.

ஒலிப்பதிவில், கீபோர்டை நேராகக் கம்ப்யூட்டருக்குள் விட்டால் ஒட்டாமல் நிற்கும். ஒரு சின்ன கிட்டார் ஆம்ப் வழியாக வாசித்து, முன்னால் மைக் வைத்துப் பதியுங்கள். ஆம்ப் இல்லையென்றால் ஆம்ப் சிமுலேட்டர் போதும். அடி ஒலியைக் கொஞ்சம் வெட்டி, மேலே கூர்மையைக் குறைத்துவிட்டால் பேஸ் கிட்டாரோடும் சிம்பலோடும் மோதாது.

எங்கே எவ்வளவு வாசிப்பது என்று கற்றுக்கொள்ள, கிங் கிரிம்ஸன் என்ற ராக் குழுவின் 1969 அக்டோபர் ஆல்பத்தை எடுத்து 'எபிடாஃப்' பாட்டைக் கேளுங்கள். அதில் மெல்லோட்ரானை இயன் மெக்டொனால்ட் வாசிக்கிறார். பாடகர் மெல்லப் பேசும் இடங்களில் பின்வாங்குகிறார். பாட்டு எழும் இடத்தில் முழு வயலின் கூட்டத்தோடு வருகிறார். இரண்டாவது முறை கேட்கும்போது ஸ்ட்ரிங்ஸ் உள்ளே வரும் இடங்களையும் வெளியே போகும் இடங்களையும் மட்டும் ஒரு தாளில் நிமிஷக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே தாளை வைத்துக்கொண்டு, உங்கள் சொந்தப் பாட்டில் மெல்லோட்ரான் வரும் இடங்களைப் பாதியாகக் குறையுங்கள்.