நகராட்சியின் சேவைக் கணக்கைப் படிப்பது எப்படி? தருமபுரியிலிருந்து ஒரு செய்முறை

தருமபுரி நாலு ரோட்டில் யாரையாவது நிறுத்தி, "உங்க தெருவுக்குத் தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தத் தண்ணி? ஒகேனக்கல் தண்ணியா, போர்வெல் தண்ணியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் தேவைப்படும்.

நகராட்சி தன் வேலையைத் தானே அளந்து அரசுக்கு அறிக்கை அனுப்புகிறது. அதுதான் சேவைக் கணக்கு. அந்த அறிக்கையைப் படிக்கவும், நம் தெருவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு நோட்டு, ஒரு வாளி, நேரம் பார்க்க ஒரு செல்போன் போதும்.

படி 1: அளவுகோலை எழுதி வையுங்கள்

2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நாட்டின் எல்லா நகரங்களுக்கும் பொதுவாக 28 அளவுகோல்களை வகுத்தது. குடிநீருக்கு 9, கழிவுநீருக்கு 9, குப்பைக்கு 8, மழைநீர் வடிகாலுக்கு 2. பதின்மூன்றாவது நிதிக்குழு வந்தபோது, உள்ளாட்சிகளுக்குத் தரும் நிதியில் ஒரு பகுதியை இதோடு கட்டிப்போட்டது: அடுத்த ஆண்டுக்குள் எட்டவிருக்கும் தரத்தை அரசிதழில் அறிவிக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்டதும் கணக்கு எழுதும் பழக்கமும் வந்துவிட்டது.

நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், 24 மணி நேர விநியோகம், கசிவும் கணக்கில் வராததுமாகப் போகும் தண்ணீர் 20 சதவீதத்துக்குள், புகார்களில் 80 சதவீதத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தீர்வு, குப்பையில் 100 சதவீதம் தரம் பிரிப்பு. 24 மணி நேரத் தண்ணீர் என்றதும் நம் ஊரில் யாருக்கும் சிரிப்பு வரும். பரவாயில்லை, எழுதுங்கள். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டிய செய்திதான்.

படி 2: நகராட்சியின் எண்ணை வாங்குங்கள்

முதலில் நகராட்சி இணையதளத்தில் தேடுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 4, யாரும் கேட்காமலேயே பல விவரங்களை வெளியிடச் சொல்கிறது. கிடைக்கவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "தண்ணீர் ஏன் சரியாக வருவதில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "கடந்த நிதியாண்டில் குடிநீர் சேவைக்காக அரசுக்கு அனுப்பிய அளவுகோல் விவரங்களின் நகல் வேண்டும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

படி 3: எண்ணுக்குள்ளே பாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. நபருக்கு இத்தனை லிட்டர் என்று ஓர் எண் இருக்கும். அதனிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று, எதை எதால் வகுத்தார்கள்? மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீரை மக்கள்தொகையால் வகுத்திருந்தால், வழியில் குழாய் உடைந்து சாக்கடைக்குப் போனதும் உங்கள் பங்கில் சேர்ந்திருக்கும். மக்கள்தொகை எந்த ஆண்டினது என்றும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பை அப்படியே வைத்து வகுத்தால், அதன் பிறகு குடிவந்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள், ஆளுக்குக் கிடைக்கும் தண்ணீர் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

இரண்டு, எப்படி அளந்தார்கள்? ஒவ்வோர் எண்ணுக்கும் 'ஏ'யிலிருந்து 'டி' வரை நம்பகத் தரம் குறிக்க வேண்டும் என்று அந்த அளவுகோல் முறையே சொல்கிறது. கருவி வைத்து அளந்து பதிவு செய்திருந்தால் தரம் உயரும். உத்தேசமாகப் போட்டிருந்தால் 'டி'. நல்ல எண்ணுக்குப் பக்கத்தில் 'டி' இருந்தால், அதை வைத்து மகிழவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம்.

மூன்று, எந்தத் தண்ணீர்? தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இதுதான் முக்கியமான கேள்வி. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையும் எலும்புப் பாதிப்பும் தலைமுறையாக இருந்ததால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படியிருக்க, ஒகேனக்கலிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் 40 லிட்டர், போர் தண்ணீர் 60 லிட்டர் என்று இரண்டையும் கூட்டி "100 லிட்டர் தருகிறோம்" என்றால் அந்த எண்ணை வைத்து நாம் என்ன செய்வது? இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். தர அளவுகோலில் எத்தனை மாதிரி சோதித்தார்கள், எங்கே எடுத்தார்கள், ஃப்ளோரைடு பார்த்தார்களா, குளோரின் மட்டுமா என்பதையும் கேளுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. பல வீடுகளில் இது இன்னும் தெரியவில்லை.

படி 4: உங்கள் தெருவை அளந்து பாருங்கள்

தெருவின் தொடக்கம், நடு, கடைக்கோடி என மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடு வேண்டாம், கணக்கு தப்பிவிடும். 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 50 நிமிடம் தண்ணீர் வந்தால் 500 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்றால் நாளுக்கு 250. வீட்டில் 5 பேர் என்றால் ஆளுக்கு 50 லிட்டர். விநியோக நேரம் சராசரியாக நாளுக்கு 25 நிமிடம். இதே கணக்கை மூன்று வீட்டுக்கும் ஒரு மாதம் எழுதுங்கள். முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஊர் முழுமைக்குமான சராசரியில் தெரியவே தெரியாது.

படி 5: புகாருக்கு மூன்று தேதி

புகார் கொடுத்தது, "தீர்வு காணப்பட்டது" என்று தகவல் வந்தது, வேலை நிஜமாக முடிந்தது. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் குடியிருந்தபோது, உடைந்த சாக்கடை மூடிக்காகப் புகார் கொடுத்தேன். மறுநாளே தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மூடி மாற 5 வாரம் ஆனது. அந்த அலுவலகத்தின் அறிக்கையில் என் புகார் 24 மணி நேரத்தில் தீர்ந்த கணக்கில்தான் சேர்ந்திருக்கும். அந்த 5 வாரமும் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போனார்கள். அன்றிலிருந்து புகார் எண்ணையும் தேதியிட்ட படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். முதல்வரின் உதவி மையமான 1100-க்கு அழைத்தாலும் இதே முறைதான்.

படி 6: குப்பை

இது சுலபம். வண்டி வந்த நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வண்டியிலும் தனியாகவே போகிறதா என்று கவனியுங்கள். தூய்மைப் பணியாளரை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். வண்டியில் எத்தனை அறை இருக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

படி 7: கொடுங்கள்

ஒரே பக்கம். இடப்பக்கம் நகராட்சியின் எண், வலப்பக்கம் உங்கள் எண், கீழே ஒரே ஒரு கோரிக்கை. "எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீரையும் போர் தண்ணீரையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைக்கோடி வீட்டுக் குழாயில் ஃப்ளோரைடு சோதித்துத் தெரிவிக்கவும்" என்பது போல. வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்துவிட்டுக் கவுன்சிலரிடம் கொடுங்கள். ஆணையருக்குத் தனியாக ஒரு பிரதி தந்து, உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மூன்று மாதம் கழித்து அதே மூன்று வீடுகளில் அதே வாளியை வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.