18 வயதுக்குள் கர்ப்பமா? வீட்டார் செய்ய வேண்டியவை

முதல் வேலை, வயதை மறைக்காமல் இருப்பது. போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குக்குப் பயந்து 16 வயதுப் பெண்ணை 19 என்று பதிவதும், ஏழாம் மாதம் வரை மருத்துவமனைப் பக்கமே கூட்டிப்போகாததும்தான் நிலைமையைக் கைமீற வைக்கின்றன. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர். அதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. கர்ப்பம் வேண்டாம் என்றால், 18 வயதுக்குட்பட்டவருக்கு இரு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். தள்ளிப்போடப் போட ஆபத்து கூடும்.

அடுத்தது ரத்தசோகை. அவள் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இருக்கிற இரும்புச்சத்துக்குத் தாயும் சிசுவும் போட்டி போடும். ஹீமோகுளோபின் 11க்குக் குறையக் கூடாது. 7க்குக் கீழே போனால் மாத்திரை போதாது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இல்லையேல் பிரசவத்தில் போகும் சாதாரண அளவு ரத்தத்தைக்கூட அவளால் தாங்க முடியாது. நான்காம் மாதத்திலிருந்து தினமும் இரும்புச்சத்து மாத்திரை கொடுங்கள். உடனே டீ, காபி கூடாது. கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள்.

ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. வலிப்பு வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். கையில் சாவி கொடுப்பதாலோ வாயில் துணி திணிப்பதாலோ பயனில்லை. துணி மூச்சை அடைக்கும்.

உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் விரியும். அது முடியுமுன் பிரசவம் நேர்ந்தால் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளலாம். தலைக்கும் எலும்புக்கும் நடுவே மணிக்கணக்கில் நசுங்கும் சிறுநீர்ப்பைச் சதை ரத்த ஓட்டமின்றி அழுகி ஓட்டையாகும். பிறகு சிறுநீர் ஓயாமல் கசியும். ஆகவே வீட்டுப் பிரசவம் வேண்டவே வேண்டாம். அறுவைசிகிச்சை வசதியும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனையை எட்டாம் மாதத்திலேயே முடிவுசெய்து, போக வண்டியும் பேசி வையுங்கள்.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி தேவை. மாமியார் அவசரப்படுத்தினால் செவிலியரையே பேசச் சொல்லுங்கள். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஆறு வாரம் கழித்து. ஊசியால் மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். அது நோயல்ல என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.