வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு: முட்டி போகாமல் இறங்குவது எப்படி

எங்கள் வீடு பெரியகுளத்தில். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது வடக்கே பார்த்தால் கொடைக்கானல் மலை சுவர் மாதிரி நிற்கும். காட்ரோடு வழியாக பஸ்ஸில் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். நடந்து இறங்கலாம் என்று தோன்றியது நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான். இதுவரை நான்கு முறை இறங்கியாயிற்று. முதல் முறை இரண்டு கால் பெருவிரல் நகமும் கறுத்து விழுந்தன. நான்காவது முறை மறுநாள் காலையிலேயே கோலம் போட உட்கார்ந்து எழ முடிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெரியகுளம் 300 மீட்டருக்கும் கீழே. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் கிளம்பி, டால்பின் நோஸ் பாறை, வெள்ளகவி கிராமம், மலையடியில் உள்ள கும்பக்கரை அருவி என்று வந்தால் அந்த உயரத்தில் பெரும்பகுதியை ஒரே பகலில் உங்கள் முட்டிதான் இறக்கிவைக்க வேண்டும். "இறக்கம்தானே" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேலையில் சதை உள்ளுக்குள் நைந்துபோகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள்தான் மாடிப்படி பார்த்தாலே பயம் வரும்.

அதனால் ஏற்பாடு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நான் செய்தது ரொம்பச் சாதாரணம். வீட்டு மாடிப்படியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெதுவாக இறங்கினேன், ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி. ஏறுவது எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இறங்குவதுதான் பயிற்சி. சதை ஒருமுறை இந்த வேலையைப் பழகிவிட்டால் அடுத்த முறை பாதி வலிகூட இருக்காது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். என் நகம் போனதற்குக் காரணம் ஷூ சின்னதாக இருந்தது அல்ல, தளர்வாக இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கால் முன்னால் சறுக்கி விரல் போய் முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் கணுக்காலருகே உள்ள கடைசி ஓட்டையில் கயிற்றை வளையமாக்கி, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டுகிறேன். குதிகால் ஷூவின் பின்பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். கட்டியபின் ஒரு கல்லைக் காலால் எத்திப் பாருங்கள். விரல் முட்டினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டும்.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி. பாதை காய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீரும் இருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்து காட்டுத்தீ காலம் வந்துவிடும். எங்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. டால்பின் நோஸுக்குச் சுற்றுலாக் கூட்டமே போய்வரும். அதற்குக் கீழே போவதென்றால் வனத்துறையிடம் கேட்டு, அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு மட்டும் போங்கள். ஒற்றையடிப் பாதை மூன்று நான்கு இடத்தில் பிரிகிறது. மாடு போன தடமும் மனுஷன் போன தடமும் எனக்கு இன்றுவரை ஒன்றுபோலத்தான் தெரிகிறது. சொந்த வண்டியில் கொடைக்கானல் வருபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் இரண்டு கொண்டுவாருங்கள்.

முந்தின இரவே வட்டக்கானலில் தங்கிவிட்டு விடிகாலை ஆறரைக்குள் கிளம்பிவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. வெயில் ஏறினால் கீழே சமவெளி சூடாகி, ஈரக்காற்று மலைச்சரிவைப் பிடித்து மேலே வரும். வரவரக் குளிர்ந்து மேகமாகிவிடும். பத்து மணிக்கு டால்பின் நோஸ் வருபவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஏழு மணிக்குப் போனால் அந்தத் தட்டைப்பாறை பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்க, கீழே எங்கள் ஊர்க் கண்மாய் ஒரு கண்ணாடித்துண்டு போல மின்னும். எங்கள் தெரு எது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பாறை நுனிக்குப் போகாதீர்கள். பனி படிந்த காலையில் அந்தக் கல் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும்.

டால்பின் நோஸ் வரையுள்ள பாதையில் மர வேர்கள் படிபோல அமைந்திருக்கும். ஈரமாக இருந்தால் வேர் மேல் கால் வைக்காதீர்கள், இரண்டு வேருக்கு நடுவில் உள்ள மண்ணில் வையுங்கள். அதற்குக் கீழேதான் உண்மையான இறக்கம். முதல் முறை நான் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி ஊன்றிப் போனேன். மூன்று தடவை பின்பக்கம் விழுந்தேன். கூட வந்த தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றீங்க. சின்னச் சின்ன அடியா வைங்க, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைங்க." பின்னால் சாய்ந்தால் பயம் குறையும், ஆனால் பாதத்தின் மேல் எடை இறங்காது. எடை இறங்காத கால் சரளையில் ஓடிவிடும். நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி, அரை அடி அரை அடியாக இறங்கினால் சறுக்குவது பெரும்பாலும் நின்றுவிடும். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டு மாதிரி. பத்து அடிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு முட்டி மட்டும் பழி வாங்கும்.

கையில் ஒரு கம்பு கட்டாயம். இடுப்புக்குக் கொஞ்சம் மேல் வரும் உயரம் இருக்கட்டும். இறங்கும்போது கால் வைப்பதற்கு முன்னால் கம்பு கீழ்ப்படியில் போய் நிற்க வேண்டும். காலை வைத்துவிட்டுக் கம்பை ஊன்றுவது சும்மா அழகுக்கு.

வழியில் காட்டுமாடு நிற்கலாம். மாடு என்று சொல்கிறோமே தவிர ஒரு டன் எடை வரைக்கும் இருக்கும். சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. நின்று, மெதுவாகப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திருங்கள். எங்களுக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் ஆயிற்று, அந்த நேரத்தில் வேர்க்கடலை முழுவதும் தீர்ந்துபோனது. ஈரக்காலத்தில் அட்டை கடிக்கும். நடுவில் பிடித்து இழுக்காதீர்கள். ஒல்லியான முனைதான் வாய், அதன் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைக் கலந்துவிட்டுப் போவதால் கொஞ்ச நேரம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, துணியை வைத்து அழுத்திக்கொண்டு நடங்கள்.

வெள்ளகவி வருவது பாதையிலேயே தெரிந்துவிடும். சோலைமரக் குளிர் போய் காப்பிச்செடியும் பலாமரமும் தொடங்கும். சாலையே இல்லாமல் பல தலைமுறை வாழ்ந்த ஊர் இது. அரிசி மூட்டையிலிருந்து எல்லாமே குதிரை முதுகில் வரும். எதிரில் குதிரை வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. மூட்டை இடித்தால் விழுவது நீங்கள்தான். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊருக்குள்ளே யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை, அத்தனை சாமிகள் அங்கே. மூன்று மணி நேர இறக்கத்துக்குப் பிறகு ஷூவைக் கழற்றும்போது பாதம் சிவந்து வீங்கியிருக்கும். சின்னக் கல்கூடக் குத்தும். ஆனால் சில்லென்ற மண்ணில் கால் பட்டு இரண்டு நிமிடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிவது தெரியும். அப்படியே இருபது நிமிடம் உட்கார்ந்துவிடுங்கள். சாக்ஸை வெயிலில் போட்டு, காய்ந்த ஜோடி மாற்றிக்கொள்ளுங்கள். கொப்புளம் வரும் இடம் அப்போதே சூடாக இருக்கும், அதில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளமே வந்த பிறகு ஒட்டிப் பிரயோசனமில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்காமல் போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளகவிக்குக் கீழே நிழல் குறைந்து முள்காடாகிவிடும். தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தொடை நடுங்க ஆரம்பிப்பதும் இங்கேதான். நடுங்கினால் அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடியுங்கள். முக்கால்வாசி பேர் காலைச் சுளுக்கிக்கொள்வது "அதோ ஊர் தெரியுது" என்று வேகமெடுக்கும் இந்தக் கடைசிப் பகுதியில்தான். என் கணக்குக்கு ஓய்வோடு சேர்த்து எட்டு மணி நேரம். இளவட்டங்கள் ஐந்தில் முடிப்பதாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், டார்ச் பையில் இருக்கட்டும்.

கும்பக்கரையில் உடம்பை நனைக்கலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அங்கே விழுவது முந்தின நாள் வட்டக்கானல் போகும் வழியில் பார்த்த அதே பாம்பாற்றுத் தண்ணீர். மேலே மழை பெய்தால் கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வனத்துறை குளிக்கத் தடை போட்டிருந்தால் வாதாடாமல் பஸ்ஸுக்குப் போய்விடுங்கள். தடை இல்லையென்றால் ஓரத்துப் பாறையில் உட்கார்ந்து முட்டிவரை தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். ஷூவை உடனே திரும்பப் போடாதீர்கள், கால் உள்ளே போகாது. பையில் ஒரு ரப்பர் செருப்பு வைத்திருந்தால் அன்றைக்கு உங்களைவிடப் புத்திசாலி அந்த பஸ்ஸில் யாரும் இருக்கமாட்டார்கள்.